உரக்க

காலை நான்கு மணிக்கு வந்தார்கள், இரண்டு பேர்.
ஒருவர் முன்பு பள்ளியில் ஃபுட்பால் பயிற்சியாளராம்,
ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
"சமையலறையிலேயே இருங்கள்,
அவள் கூப்பிட்டாலும் வராதீர்கள்."
கூப்பிட்டாள்.
நான் ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அது திறந்து, மூடி, திறந்து
முகத்தில் வெளிச்சம் அடித்தது.

பழைய பாட்டுகளில்
பெண் பாலை வழியே போய்விடுவாள்.
எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டு
தாய் அழுவாள்.
அவள் தானாகப் போனவள், பிடித்தவனோடு.
அந்தத் தாய்க்கு அழ ஒரு நியாயம் இருந்தது.
நான் பதினேழு இடங்களில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நாளொன்றுக்கு ஐந்நூற்று நாற்பது டாலர்.
இன்ஷூரன்ஸ் கைவிரித்தது.
பிளேனோ வீட்டின் மேல் இரண்டாவது கடன்.
கேட்டவர்களிடம் கோடை முகாம் என்றோம்,
அக்டோபர் மாதத்தில்.

அதற்கு முன் இரண்டு ஆம்புலன்ஸ்.
அதைச் சொல்லாமல் விட்டால்
என்னைச் சரியாக வெறுக்கவும் முடியாது உங்களால்.
அவள் அறைக் கதவைக் கழற்றி
கராஜில் சாய்த்து வைத்திருந்தோம் அப்போது.

வாரம் ஒரு கடிதம், ஆங்கிலத்தில் மட்டும்.
ஆலோசகர் முதலில் படித்துப் பார்க்க வேண்டுமாம்.
"கண்ணே" என்பதற்கு என்ன எழுதுவது?
ஏதோ எழுதி அடித்தேன்.
அடித்ததோடு அனுப்பினேன்.

ஐம்பத்தொன்பதாம் நாள் பார்க்கப் போனோம் யூட்டாவுக்கு.
ஹாங்க்ஸ்வில் தாண்டி, தார் ரோடு முடிந்து,
ஜீப் போகிற தடமும் முடிந்து,
சிவப்பு மணல்.
புகை வாசனையோடு ஒருத்தி எழுந்து வந்தாள்.
நகமெல்லாம் கரி, உதட்டில் வெடிப்பு.
வில்லும் கட்டையும் வைத்துத் தேய்த்து
தீ எடுத்துக் காட்டினாள், என் பக்கம் பார்க்காமலே.
பொறியை ஜூனிப்பர் நாரில் ஏந்தி ஊதினாள்,
குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுகிற மாதிரி.
இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
புகை என்றார்.
புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

புதர்ப் பக்கம் ஒதுங்கும்போது
பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், உரக்க.
குரல் நின்றால் ஓடிவிட்டாள் என்று பொருள்.
எழினி. எழினி. எழினி.
அகராதி புரட்டி நாங்கள் வைத்த பெயர்.
திரைச்சீலை என்று அர்த்தம்.
எண்பத்திரண்டு நாளும் மறைவுக்கு
ஒரு செடியும் அந்தப் பெயரும்தான் அவளுக்கு.
எங்கள் தெருவில் பத்து வருடமாக யாருக்கும் வராத ழகரம்
அங்கே நெப்ராஸ்காக்காரப் பெண் ஒருத்தி நாக்கில்
சுத்தமாக வந்தது.

இருட்டியதும் பிள்ளைகளின் ஷூக்களை
ஒரு சாக்கில் வாங்கிக்கொண்டார்கள்.
நானும் கழற்றிக் கொடுத்தேன்.
"நீங்கள் வேண்டாம்" என்றாள் காவலுக்கு இருந்தவள்.
இருக்கட்டும் என்றேன்.
எழினி முதன்முறையாக என்னைப் பார்த்தாள்,
என் காலை.

வந்துவிட்டாள். உயிரோடு.
இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.
சாப்பிடுகிறாள். சீடர் கட்டையில் கரண்டி செதுக்குகிறாள்,
ஒன்றும் நேராக வரவில்லை.
மணல் செய்ததா, மாத்திரை செய்ததா,
வெறுமனே பதினேழு வயது ஆனதா, தெரியாது.
தெரியும் என்கிறவர்களிடம் கட்டண விவரம் இருக்கிறது.

கதவைத் திரும்ப மாட்டினோம்.
உள்தாழ்ப்பாள் கேட்டாள். இரண்டு நாள் தூங்காமல் யோசித்து
அதையும் போட்டோம்.
ஆனாலும் ஷூவோடுதான் படுக்கிறாள்,
நாடாவை இறுக்கிக் கட்டி.
நான்கு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிகிறது.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்
ஹாலைக் கடக்கிறவரை நான் என் பெயரைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.
அம்மா என்று சொல்வதில்லை.
கூப்பிட்டபோது வராத பெயர் அது.
வசுமதி. வசுமதி. வசுமதி.
கட்டில் கிறீச்சிடும். பிறகு ஒன்றுமிருக்காது.
போன செவ்வாய்க்கிழமை
கதவுக்குப் பின்னாலிருந்து தூக்கக் குரலில் வந்தது:
"கேக்குது. போய்ப் படு."